‘வசந்தச் சடங்கு’: ஒரே இசையைப் பல ஒலிப்பதிவுகளில் கேட்டுப் பழகும் முறை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் பிறந்த புதுமை ஆர்க்கெஸ்ட்ரா இசையைக் கேட்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஒரு பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு ஷோன்பெர்க், பெர்க், வெபர்ன், பார்ட்டோக் என்று வாரத்துக்கு ஒரு இசையமைப்பாளராகக் கேட்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் எல்லாம் காதில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. அதோடு விட்டுவிடுகிறார்கள். நானும் இரண்டு முறை தொடங்கி இரண்டு முறை விட்டவன்தான். மூன்றாம் முறை வழியை மாற்றினேன். ஒரே ஒரு படைப்பை எடுத்துக்கொண்டு அதன் பல ஒலிப்பதிவுகளை மாதக்கணக்கில் கேட்டேன். அப்போதுதான் காது திறந்தது.

ஒரு ஒலிப்பதிவை மட்டும் கேட்டால் எது இசையமைப்பாளர் எழுதியது, எது ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டரின் முடிவு, எது வாத்தியக்காரரின் தவிப்பு, எது மைக்கின் வேலை என்று பிரித்தறிய முடியாது. இரண்டாவது ஒலிப்பதிவைக் கேட்ட உடனே அந்தப் பிரிவு தெரியத் தொடங்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரே எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது.

எந்தப் படைப்பு?

ரஷ்ய இசையமைப்பாளர் இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘வசந்தச் சடங்கு’. செயலிகளில் ‘தி ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ என்றோ, பிரெஞ்சில் ‘லெ சாக்ர் து ப்ரான்தான்’ என்றோ தேட வேண்டும். முழுதும் கேட்க 33 நிமிடம் போல ஆகும். 1913 மே 29 அன்று பாரிஸின் ஷான்ஸெலிஸே அரங்கில் தியாகிலெவின் ரஷ்ய பாலே குழு இதை அரங்கேற்றியது. நடனம் அமைத்தவர் நிஜின்ஸ்கி, ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தியவர் பியர் மோந்தோ. அரங்கில் எழுந்த கூச்சலும் கேலியும் இசை வரலாற்றில் எல்லோரும் சொல்லும் கதை. அடுத்த ஆண்டு, 1914 ஏப்ரலில், நடனம் இல்லாமல் இசையை மட்டும் அதே மோந்தோ பாரிஸில் நடத்தியபோது, கூட்டம் ஸ்ட்ராவின்ஸ்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. இந்த இரண்டாவது கதையை ஏனோ குறைவாகவே சொல்கிறார்கள். ஒலிப்பதிவு கேட்கிறவருக்கு இதுதான் முக்கியம், ஏனென்றால் நாமும் நடனம் இல்லாமல் இசையை மட்டும்தான் கேட்கப்போகிறோம்.

கதை சுருக்கமானது. பழங்கால ரஷ்யக் குடிகள் வசந்தத்தை வரவேற்கிறார்கள். முதல் பகுதியில் பூமியை வணங்குகிறார்கள். இரண்டாம் பகுதியில் ஒரு பெண்ணைப் பலிக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவள் ஆடி ஆடியே உயிர்விடுகிறாள். இந்தக் கதையை ஸ்ட்ராவின்ஸ்கியோடு சேர்ந்து உருவாக்கி, மேடையையும் உடைகளையும் வடிவமைத்தவர் ஓவியர் நிக்கோலஸ் ரோரிச். பின்னாளில் இமாலயத்தின் குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்ற ஊரில் குடியேறி, 1947-ல் அங்கேயே காலமானவர் அவர்தான்.

முதல் படி: வால்யூமை இறுதியிலிருந்து அமைத்துக்கொள்ளுங்கள்

இது சின்ன விஷயம்போலத் தெரியும். ஆனால் பாதிப் பேர் இங்கேதான் இசையை இழக்கிறார்கள்.

படைப்பு ஒற்றை பசூனில், அதாவது தாழ்ந்த குரல் கொண்ட ஒரு மரக்குழலில், தொடங்குகிறது. அந்தச் சத்தத்துக்கு ஏற்ப வால்யூமைக் கூட்டிவிட்டால், சில நிமிடங்களில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் மேலே விழும்போது பதறிப்போய்க் குறைப்பீர்கள். பிறகு மெல்லிய இடம் வரும்போது மீண்டும் கூட்டுவீர்கள். இப்படிக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தால், எழுதியவர் சிரமப்பட்டு வைத்த ஏற்ற இறக்கத்தை நீங்களே சமன் செய்துவிடுகிறீர்கள். அதனால் முதல் பகுதியின் கடைசியில் வரும் ‘பூமியின் நடனம்’ ட்ராக்கை முதலில் போடுங்கள். காது தாங்கும் உச்சம் எதுவோ அங்கே வால்யூமை நிறுத்துங்கள். பிறகு தொடக்கத்துக்குப் போங்கள். அதன் பின் கைவைக்கவே கூடாது.

செயலியின் அமைப்புகளில் இரண்டை அணைக்க வேண்டும். ஒன்று, எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் வசதி. இன்னொன்று, ஒரு ட்ராக் முடிவதற்குள் அடுத்ததைக் கலந்துவிடும் வசதி. இந்தப் படைப்பில் பல பிரிவுகள் இடைவெளியே இல்லாமல் அடுத்ததற்குள் நுழைகின்றன. கலப்பு வசதி அந்தத் தையலைப் பிய்த்துவிடும்.

மின்விசிறியையும் நிறுத்துங்கள். முதல் பகுதியில் ‘ஞானி’ என்று ஒரு துணுக்கு வருகிறது. ஸ்கோரில் (எழுதிய இசைக்குறிப்பில்) மொத்தம் நான்கே பார், அதாவது நான்கே தாளக் கட்டம். பேரிரைச்சலான ஊர்வலம் சட்டென நின்று, கிழவர் குனிந்து பூமியை முத்தமிடும் இடம் அது. பசூன்களும் டிம்பனி என்ற பெரிய முரசும் மூச்சுவிடுவதுபோல ஒலிக்க, முடிவில் தந்தி வாத்தியங்கள் பனிபோல ஒரு கார்டைப் (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது) போர்த்திவிட்டுப் போகும். நான் முதன்முதலில் கேட்டது விசிறி ஓடும் அறையில், போனின் ஸ்பீக்கரில். அந்த இடத்தில் எனக்கு எதுவுமே கேட்கவில்லை. நெட் நின்றுவிட்டது என்று நினைத்துப் போனைக் கையில் எடுத்தேன். அதற்குள் ‘பூமியின் நடனம்’ வெடித்துவிட்டது. அந்த நான்கு பாரும் உங்கள் அறையில் தெளிவாகக் கேட்கிறதென்றால் ஏற்பாடு சரியாக இருக்கிறது. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காதை மூடிக்கொள்ளும் சாதாரண ஹெட்போன், இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: முதல் ஐந்து நிமிடம் மட்டும், ஒரு வாரம்

முழுதையும் கேட்க அவசரப்பட வேண்டாம். முதல் வாரம் ‘முன்னுரை’யும் அதை அடுத்து வரும் ‘வசந்தத்தின் சகுனங்கள்’ தொடக்கமும் போதும்.

தொடக்கத்து பசூன் மெட்டு லித்துவேனிய நாட்டுப்பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. ஆனால் பசூன் அதன் இயல்பான தாழ்ந்த குரலில் பாடவில்லை. குரலின் உச்சியில், வாசிப்பவருக்கு மூச்சு முட்டும் உயரத்தில் பாடுகிறது. முதலில் கேட்பவருக்கு இது எந்த வாத்தியம் என்றே தெரியாது. அது வேண்டுமென்றே செய்தது. பிறகு ஒவ்வொரு மரக்குழலாக வந்து சேர்கிறது. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் வாசிப்பதில்லை. ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு முளைக்கிறது. நெரிசல் உச்சத்துக்குப் போய்ச் சட்டென்று அறுந்து, மறுபடி அந்த ஒற்றை பசூன் தனியாக நிற்கும். இந்த முறை மெட்டு அரை ஸ்வரம் கீழே வருகிறது. தொடக்கத்தையும் இதையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஏதோ இருண்டுவிட்டது என்ற உணர்வு வரும். அந்த அரை ஸ்வரம்தான் காரணம்.

அதன் பின்னால் வயலின்கள் வில் இல்லாமல் விரலால் சுண்டி, நாலு ஸ்வரங்களால் ஆன ஒரு சின்னத் துணுக்கை வாசிக்கும். கடிகார முள்போல இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் ‘சகுனங்கள்’ முழுக்க அந்தத் துணுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தொடரத் தெரிந்துவிட்டால் அந்தப் பிரிவு இரைச்சலாகத் தெரியாது.

மூன்றாம் படி: 32 தட்டு

இந்தப் படைப்பில் ஒரே ஓர் இடத்தை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டும் என்றால் அது இதுதான். ‘சகுனங்கள்’ தொடங்கும் இடம்.

தந்திகள் எல்லாம் சேர்ந்து ஒரே கார்டை மீண்டும் மீண்டும் அடிக்கின்றன. உண்மையில் அது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு கார்டு. கீழ்த் தந்திகளில் இ மேஜர். அதன் மேல் அரை ஸ்வரம் தள்ளி இ ஃப்ளாட் ஏழாம் கார்டு. தனித்தனியாக வாசித்தால் இரண்டுமே இனிமையானவை, எந்த சினிமாப் பாட்டிலும் வரக்கூடியவை. ஒன்றாக விழும்போதுதான் பல் கூசுகிறது. வீட்டில் கீபோர்டு இருந்தால் இடது கையில் ஒன்று, வலது கையில் ஒன்று என்று வைத்து அழுத்திப் பாருங்கள். பயம் பாதி போய்விடும்.

கார்டு மாறுவதே இல்லை. மாறுவது அழுத்தம் மட்டும்தான். முதல் எட்டு பாரில் மொத்தம் 32 தட்டு. எல்லாம் சம இடைவெளியில் விழும். அவற்றில் 10, 12, 18, 21, 25, 30 ஆகிய தட்டுகளில் ஹார்ன் என்ற பித்தளை ஊது வாத்தியங்கள் எட்டும் சேர்ந்து குத்துகின்றன. இடைவெளியாகச் சொன்னால் 9, 2, 6, 3, 4, 5, 3. கூட்டிப் பாருங்கள், 32 வரும்.

ஒலிப்பதிவைப் போடும் முன் இதை மேசையில் செய்து பாருங்கள். வலது கையால் சமமாகத் தட்டிக்கொண்டே வாயால் எண்ணி, அந்த ஆறு இடங்களில் மட்டும் இடது கையால் ஓங்கித் தட்டுங்கள். முதலில் மெதுவாக. ஸ்கோர் சொல்லும் வேகத்தில் 32 தட்டும் பத்து விநாடிக்குள் முடிந்துவிடும். எனக்கு நாலு நாள் ஆயிற்று. அதன் பிறகு ஒலிப்பதிவைப் போட்டபோது, அதுவரை திடீர் திடீரென்று தாக்கிய ஹார்ன்கள் நான் எதிர்பார்த்த இடத்தில் வந்து நின்றன. வேகம் அப்படியேதான் இருந்தது, ஆனால் மிரட்சி போய் மகிழ்ச்சி வந்துவிட்டது.

தாளம் போட்டுப் பழகிய காதுக்கு இங்கே ஒரு சாதகமும் ஒரு தடையும் உண்டு. 5, 7, 9 என்று எண்ணுவது நமக்குப் புதிதல்ல. ஆனால் எங்கே அலைந்தாலும் கணக்கு கடைசியில் சமத்தில் வந்து விழும் என்று நம் காது காத்திருக்கும். இங்கே அப்படி ஒரு சமம் கிடையாது. அந்த எதிர்பார்ப்பை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த அடி எங்கே விழும் என்று மட்டும் காத்திருங்கள்.

இதில் உண்மையாகவே ஒரு தொடர்பு இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான், சாரங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ தொகுத்த தேசி தாளங்களை ஊன்றிப் படித்தவர். ‘வசந்தச் சடங்கின்’ தாளத்தைத் தன் மாணவர்களுக்குப் பிரித்துக் காட்டியவரும் அவரே. ஒரு தாளத் துணுக்கு வளர்கிறது, இன்னொன்று தேய்கிறது, மூன்றாவது அசையாமல் நிற்கிறது, மேடையில் மூன்று பாத்திரங்கள்போல என்று அவர் விளக்கினார். அந்த வகுப்பில் இருந்தவர்களில் ஒருவர் பியர் பூலேஸ். அவரிடம் சீக்கிரம் வருவோம்.

நான்காம் படி: வரைபடம்

முழுதும் கேட்கும் முன் 14 பிரிவுகளும் வரும் வரிசை தெரிந்திருக்க வேண்டும். முதல் பகுதியில் எட்டு: முன்னுரை, சகுனங்கள், பெண்ணைக் கவரும் விளையாட்டு, வசந்த வட்டங்கள், எதிர்க் குழுக்களின் விளையாட்டு, ஞானியின் ஊர்வலம், ஞானி, பூமியின் நடனம். இரண்டாம் பகுதியில் ஆறு: முன்னுரை, கன்னியரின் மர்ம வட்டங்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவளைப் போற்றுதல், மூதாதையரை அழைத்தல், மூதாதையரின் சடங்கு, பலி நடனம். ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று இடங்களைக் கோடிட்டு வையுங்கள். ‘மர்ம வட்டங்கள்’ தொடங்கும்போது ஆறு வயோலாக்கள் (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) தனியாகப் பாடும் மெட்டு ஒன்று. முழுப் படைப்பிலும் மனம் இளகும் சில இடங்களில் அது முதன்மையானது. அந்தப் பிரிவின் முடிவில், ‘போற்றுதல்’ வெடிப்பதற்குச் சற்று முன், தந்திகளும் டிம்பனியும் பெரிய டிரம்மும் சேர்ந்து 11 அடி அடிக்கின்றன. ஒரே பார், 11 அடி, எல்லாம் சமமான கனம். எண்ணுங்கள். ஒரு பெண்ணைக் குறித்துவிட்டார்கள் என்று அந்த அடிகள் சொல்கின்றன. எத்தனையோ முறை கேட்ட பிறகும் ஏழாவது அடியில் எனக்குக் கை சில்லிட்டுப் போகும். மூன்றாவது, ‘பலி நடனத்தின்’ கடைசி விநாடிகள்: புல்லாங்குழல்கள் மேல்நோக்கி ஓடி, கணநேர அமைதிக்குப் பின் விழும் இறுதி அடி.

ஐந்தாம் படி: ஒலிப்பதிவுகள், இந்த வரிசையில்

தேடும்போது ஒரு எச்சரிக்கை. ஒரே கண்டக்டர் பல முறை பதிவு செய்திருப்பார். மோந்தோ 1929-ல் பாரிஸில், 1945-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில், 1951-ல் பாஸ்டனில், 1956-ல் மீண்டும் பாரிஸில் என்று நாலு முறை பதிவு செய்தார். ஸ்ட்ராவின்ஸ்கியே 1929, 1940, 1960 என்று மூன்று முறை. செயலிகள் மறுவெளியீட்டு ஆண்டைத்தான் பெரிதாகப் போடும். ஆர்க்கெஸ்ட்ராவின் பெயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலில் பூலேஸ், கிளீவ்லேண்ட் ஆர்க்கெஸ்ட்ரா, 1969. அதே ஆர்க்கெஸ்ட்ராவோடு 1991-ல் அவர் செய்த பதிவும் உண்டு. முதல் முறைக்கு 1969-ஐயே சொல்வேன். மெஸ்ஸியானின் வகுப்பிலிருந்து வந்தவர், இந்த ஸ்கோரின் தாளத்தைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியவர், நடத்தும்போது என்ன ஆகும்? ஒவ்வொரு இழையும் தனித்துத் தெரியும். முன்னுரையின் நெரிசலில் எந்தக் குழல் எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். உணர்ச்சி குறைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதையும் மிகைப்படுத்தாமல் அந்த 11 அடியையும் அடிக்கும்போது, அதன் இரக்கமின்மையே போதுமானதாக இருக்கிறது.

இரண்டாவது ஸ்ட்ராவின்ஸ்கி, கொலம்பியா சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா, 1960. அப்போது அவருக்கு வயது 77. தன் இசையை எப்படி வாசிக்க வேண்டும் என்பதற்கு ஆவணமாகவே அவர் இசைத்தட்டுகளைக் கருதினார். ஆனால் அவருடைய மூன்று பதிவுகளிலும் வேகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. இதனால் ‘எழுதியவரே சொன்னது’ என்ற வாதத்தை நான் கேள்வி கேட்காமல் ஏற்பதில்லை. 1960 பதிவில் எனக்குப் பிடித்தது அதன் வறட்சி. தொங்கலும் இழுப்பும் இல்லை. எல்லாம் குட்டை குட்டையாக, வெட்டி வெட்டி விழும். பூலேஸுக்குப் பிறகு கேட்டால் தரையில் கால் பதிந்த நடனமாகத் தெரியும்.

மூன்றாவதாக 1929-க்குப் போங்கள். இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த ஒரே ஆண்டில் பாரிஸில் இரண்டு பதிவுகள் நடந்தன. ஒன்று மோந்தோ நடத்தியது, அரங்கேற்றம் செய்த அதே கை. இன்னொன்று வால்தர் ஸ்ட்ராராம் ஆர்க்கெஸ்ட்ராவை ஸ்ட்ராவின்ஸ்கி நடத்தியது. மைக் வைத்து மின்முறையில் பதிவு செய்வது 1925-ல்தான் தொடங்கியிருந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்து இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நாலு நிமிடத்துச் சொச்சம்தான் பிடிக்கும். அதனால் முழுப் படைப்பையும் நாலு நாலு நிமிடத் துண்டுகளாக வெட்டி வாசிக்க வேண்டியிருந்தது. இன்று நாம் கேட்பது அந்தத் துண்டுகளை ஒட்டியது. கூர்ந்து கேட்டால் ஒட்டும் இடத்தில் பின்னணி உரசலின் குணம் மாறுவது தெரியும். அந்தக் காலத்து மைக் பெரிய டிரம்மை அநேகமாகப் பிடிக்கவே இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு, டிரம் அடியை உங்கள் மனமே நிரப்பிக்கொள்ளட்டும்.

உரசல் சத்தத்துக்குப் பழக ஒரு வழி: முதல் இரண்டு நிமிடம் இசையைக் கவனிக்காமல் உரசலை மட்டும் கவனியுங்கள். மழைச் சத்தத்தைக் கேட்பதுபோல. பிறகு காது தானாகவே அதை ஒதுக்கிவிடும். ஒரே தட்டின் பல மறுபதிப்புகள் கிடைத்தால், உரசலை முழுதாகத் துடைத்த பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள். உரசலோடு வயலினின் உயிரும் போயிருக்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஏன் கேட்க வேண்டும் என்றால், அந்த வாத்தியக்காரர்களுக்கு இந்த இசை இன்னும் கஷ்டமாக இருந்தது. 1913-ல் ஆர்க்கெஸ்ட்ராவோடு மட்டும் மோந்தோ 17 ஒத்திகை நடத்தினார். 16 ஆண்டு கழித்தும் ஸ்ட்ராவின்ஸ்கியின் தட்டில் ‘பலி நடனத்தில்’ வாத்தியங்கள் ஒன்றையொன்று தவறவிடுகின்றன. சிலர் முந்துகிறார்கள், சிலர் திகைக்கிறார்கள், பிறகு எப்படியோ சேர்ந்துகொள்கிறார்கள். பார் 3, 2 என்று மாறிக்கொண்டே போகும் அந்த இடத்தில் அவர்கள் எண்ணி எண்ணி வாசிப்பது எனக்குக் கேட்கிறது. ஒரு பெண் உயிருக்குப் போராடி ஆடும் நடனம் அது. வாசிப்பவர்களும் அங்கே போராடிக்கொண்டிருக்கிறார்கள். இன்று இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராக்கள்கூட இதைப் பிசகாமல் வாசித்துவிடுகின்றன. அது பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஆபத்து எழுதப்பட்ட இசையின் பகுதி என்று நான் நம்புகிறேன். அதை 1929 தட்டுகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. ஸ்ட்ராவின்ஸ்கி 1943-ல் பலி நடனத்தைத் திருத்தி எழுதினார் என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். படிக்கவும் நடத்தவும் எளிதாக இருப்பதற்காக ஸ்வரங்களின் கால அளவைக் குறிக்கும் முறையையே மாற்றினார்.

நான்காவது கரயான், பெர்லின் ஃபில்ஹார்மோனிக், 1964-ல் வெளியானது. ஸ்ட்ராவின்ஸ்கிக்கு இது பிடிக்கவில்லை. பழக்கி வளர்த்த காட்டுமிராண்டிபோல இருக்கிறது என்ற பொருளில் அச்சிலேயே எழுதினார். கரயான் 1970-களில் மறுபடி பதிவு செய்தார். முதல் பதிவை நான் பரிந்துரைப்பது அது சிறந்தது என்பதற்காக அல்ல. ஆர்க்கெஸ்ட்ராவின் ஒலி எவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது, ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு எப்படி எண்ணெய் விட்டதுபோல நழுவுகிறது என்று கேளுங்கள். 1960 பதிவின் அதே பிரிவை உடனே போடுங்கள். ஸ்ட்ராவின்ஸ்கி எதை எதிர்த்தார் என்பது ஒரு வார்த்தையும் இல்லாமல் விளங்கும். ‘மர்ம வட்டங்களின்’ வயோலாக்கள் மட்டும் கரயானிடம் அழகோ அழகு.

ஐந்தாவது பிரான்ஸ்வா-ஸவியே ரோத், லே சியேக்ள் குழு, 2013. அரங்கேற்றத்தின் நூற்றாண்டுக்காக, 1913 காலத்து பிரெஞ்சு வாத்தியங்களில், அன்று ஒலித்த வடிவத்துக்கு முடிந்தவரை அருகில் போய் வாசித்தார்கள். பழைய பிரெஞ்சு பசூன் இன்று உலகெங்கும் புழங்கும் ஜெர்மன் பசூனைவிட மெலிந்த, மூக்கால் பாடுவதுபோன்ற குரல் கொண்டது. தொடக்க மெட்டை இதில் கேட்டுவிட்டு பூலேஸில் கேளுங்கள். பூலேஸில் அது வாத்தியம். ரோத்தில் அது யாரோ ஒருவரின் குரல். பித்தளை வாத்தியங்களும் குறுகலானவை என்பதால், உச்சத்தில்கூட மரக்குழல்கள் மூழ்கிப் போவதில்லை. 1929-ல் உரசலுக்குப் பின்னால் மங்கலாகக் கேட்ட நிறங்கள் இங்கே தெளிவாக எதிரே நிற்கும்.

இந்த ஐந்துக்குப் பிறகு உங்கள் விருப்பம். வேகமும் கூர்மையும் வேண்டுமென்றால் மினியாபொலிஸில் டோராட்டி, 1959. மண் அதிர வேண்டுமென்றால் கெர்கியேவ், கிரோவ் ஆர்க்கெஸ்ட்ரா, 1999. இறுதி அடிக்கு முன் அவர் விடும் இடைவெளி மிக நீளம். எனக்கு அது கூடுதலாகப் படுகிறது, ஆனால் ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

ஒப்பிடுவதற்கு முழுப் படைப்பையும் ஐந்து முறை கேட்க வேண்டாம், களைத்துப் போவீர்கள். தொடக்க பசூன், 32 தட்டு, 11 அடி, கடைசி அரை நிமிடம் ஆகிய நாலு இடங்களை மட்டும் ஐந்திலும் அடுத்தடுத்துக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். ‘நன்றாக இருந்தது’ என்று எழுதக்கூடாது. ‘11 அடியில் டிம்பனி முந்துகிறது’, ‘பசூன் முதல் ஸ்வரத்தில் நீண்ட நேரம் நிற்கிறது’ என்று காதில் விழுந்ததை எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: நிறத்தைக் கழற்றிவிட்டுக் கேட்பது

ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர் அச்சாவதற்குப் பல ஆண்டு முன்பே, 1913-லேயே, ஒரே பியானோவில் இருவர் வாசிக்கும் நாலு கை வடிவம் அச்சில் வந்துவிட்டது. 1912-ல் ஸ்ட்ராவின்ஸ்கியும் பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸியும் ஒரு நண்பர் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து இதை வாசித்திருக்கிறார்கள். இந்த வடிவத்துக்கு நல்ல பதிவுகள் கிடைக்கின்றன. எந்தப் பதிவானாலும் சரி, ஒருமுறை கேளுங்கள். எட்டு ஹார்ன் இல்லை, டிரம் இல்லை, எலும்பு மட்டும். ‘பலி நடனம்’ புரியாமல் திணறுகிறவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் மருந்து இதுதான்.

ஏழாம் படி: பக்கத்து வீடுகளுக்கு

இப்போது பட்டியலுக்குத் திரும்பலாம். ஆனால் 1913-ஐ ஒட்டியே நடங்கள்.

‘வசந்தச் சடங்கு’க்கு இரண்டு வாரம் முன்பு, மே 15 அன்று, அதே அரங்கில், அதே மோந்தோ நடத்த, அதே நிஜின்ஸ்கியின் நடனத்தோடு டெபுஸியின் ‘ழ்ஜு’ (Jeux) அரங்கேறியது. அடுத்து வந்த கூச்சலில் அது மறக்கப்பட்டுவிட்டது. 32 தட்டில் எல்லாம் அடியாக நின்றதென்றால், இங்கே எதுவும் நிற்பதில்லை. பிடித்த மெட்டு திரும்பி வரும் என்று காத்திருக்காதீர்கள், வராது.

பிறகு ஷோன்பெர்க்கின் ‘ஐந்து ஆர்க்கெஸ்ட்ரா துண்டுகள்’, 1912-ல் லண்டனில் ஹென்றி வுட் நடத்தி முதலில் ஒலித்தது. அதில் மூன்றாவதை மட்டும் எடுங்கள். ஒரு கார்டு மிக மெதுவாகவே மாறுகிறது. அதை வாசிக்கும் வாத்தியங்கள் மட்டும் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன. ‘சகுனங்களில்’ மாறாத கார்டின் மேல் அழுத்தம் மாறியதைப் பழகிய காதுக்கு, இங்கே நிறம் மாறுவது தானே பிடிபடும்.

கடைசியாக வெபர்னின் ‘ஆறு ஆர்க்கெஸ்ட்ரா துண்டுகள்’. 1913 மார்ச் 31 அன்று வியன்னாவில் ஷோன்பெர்க் நடத்திய கச்சேரியில் இது ஒலித்தது. பார்வையாளர்களின் கலவரத்தால் அந்தக் கச்சேரி பாதியில் நின்றுபோனது. நான்காவது துண்டு ஓர் இறுதி ஊர்வலம். பெரிய டிரம், தாம்-தாம் என்ற பெரிய உலோகத் தட்டு, தாழ்ந்த மணிகள் ஆகியவை கேட்கிறதா இல்லையா என்ற எல்லையில் உறுமத் தொடங்கும். ஒரு நிமிடம் போல ஏதும் நடக்காததுபோல இருக்கும். ‘பூமியின் நடனத்தில்’ வைத்த வால்யூம் அப்படியே இருக்கட்டும். அறை உங்களுக்குக் கேட்கும் அளவுக்கு அமைதியான பிறகு, முடிவில் அந்த டிரம்கள் எழுந்து வருவதைக் கேளுங்கள்.